மெரூன் வண்டிக்கு நல்ல தண்ணி

1

இந்தக் கதை ஒரு டப்பாவோட முதுகிலிருந்து வந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் ஏதாவது கிடைக்குமான்னு நானும் தேடிப் பார்த்துட்டேன். கடல், கனவு, எங்கோ கேட்ட அழுகுரல்னு சொல்லிக்கலாம். பொய். டப்பாதான்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் என் தம்பி அபின் கார் சாமான் கடை வெச்சிருக்கான். சீட் கவர், வைப்பர், கால்மிதி, கண்ணாடியில் தொங்கவிடுற எலுமிச்சை வாசனை. எங்க அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்து மளிகைக் கடை போட்ட அதே இடம். அபின் தலையெடுத்ததும் பருப்பு போய் பாலிஷ் வந்தது. நான் அவனுக்கு அக்கா, பேர் பெனிஷா. மத்தியானத்துக்கு மேல கல்லாவில் உட்காருவேன். ஆள் இல்லாத நேரத்தில் கதை எழுதுவேன். (ஆள் இருக்கிற நேரத்திலும் எழுதுவேன். அதைப் பத்தி அபினுக்குத் தனியா சொல்ல நிறைய இருக்கு.)

போன மாசம் புதுசா ஒரு டப்பா வந்து இறங்கினது. கார் பெயிண்டில் ஊறிப்போன மங்கலை எடுக்கும், மெருகேத்தும், மேல மெழுகும் பூசும். மூணு வேலையும் ஒரே தேய்ப்பில் முடிஞ்சிரும்.

"யக்கா, ஊரெல்லாம் படிக்கணும்னு கதை எழுதுத. இந்த டப்பா பின்னால இங்கிலீஷ்ல பொடிப்பொடியா என்னமோ போட்டிருக்கான். அதத் தமிழ்ல எழுதித் தா. ராக்குல ஒட்டி வைக்கேன்."

எழுதித் தந்தேன். அரைப் பக்கம். "முதலில் வண்டியைத் தண்ணீரால் நன்றாகக் கழுவி உலர விடவும்" அப்படின்னு ஆரம்பிக்கும். என் எழுத்தில் வாசகர்கள் கடைசி வரி வரைக்கும் படிச்சது அது ஒண்ணுதான்னு நினைக்கிறேன். அதைப் படிச்ச ஒருத்தியோட கதைதான் இது.

2

முதல் தொடக்கம்:

சாம்பல் பெய்யும் எண்ணூரில் விடியல் என்பது —

வேண்டாம். அபின் தோளுக்கு மேல எட்டிப் பார்த்துட்டு, "எண்ணூருன்னா சாம்பல்லதான் தொடங்கணும்னு சட்டமா?"ன்னு கேட்டான். அவனைத் திட்டினேன். திட்டிட்டு அடிச்சேன். வரியைத்தான்.

இரண்டாவது தொடக்கம்:

பவானியின் கண்களுக்குள் ஒரு கடல் —

கண்ணுக்குள்ள கடல் இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போகணும். அடிச்சாச்சு.

மூணாவது. இதில் எனக்கு வெட்கம் கம்மி:

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மெரூன் கலர் கார் கடைக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் இறங்கி, கதவைச் சாத்தி, சாத்தின கதவை ஒரு தரம் முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

முறைக்கிற மாதிரிதான் இருந்தது வண்டி. மெரூன்னு ஆர்.சி. புக்கில் இருக்குமா இருக்கும். வெளியில் பார்த்தா, துவைச்சுத் துவைச்சு வெளுத்த உள்பாவாடை நிறம்.

"அண்ணாத்த, எல்லாத்துக்கும் ஒரே டப்பான்னு ஒண்ணு கீதாமே? நெஜமா, இல்ல டுபாக்கூரா?"

பவானி. எண்ணூர் முகத்துவாரக்குப்பம். முப்பத்தஞ்சு வயசு இருக்கலாம். அவ வீட்டுக்காரர் வெற்றி காசிமேட்டு டிராலரில் போறவர். அன்னிக்கும் கடலுக்குள்ளதான் இருந்தார். காசிமேட்டிலிருந்து லோடு ஆட்டோவில் மீன் ஏத்திக்கிட்டு மார்க்கெட் மார்க்கெட்டா பல வருஷம் ஓட்டினவ. இப்போ ரெண்டு பேருமா சேர்ந்து இந்தப் பழைய காரை வாங்கியிருக்காங்க. துறைமுகப் பக்கம் ஆபீஸ்களில் ராத்திரி ஷிப்டு முடியற பொண்ணுங்களை வீட்டில் விட ஒரு கான்ட்ராக்டர் வண்டி எடுக்கிறார். ஓட்டுறதும் பொம்பளையா இருந்தா நல்லதுன்னு தேடுறார். பவானி போனா. லைசென்ஸ் சரி, பேப்பர் சரி. கான்ட்ராக்டரோட மேஸ்திரி வெளியே வந்து வண்டியைப் பார்த்தார்.

"தொட்டுக்கூடப் பாக்கல, அண்ணாத்த. 'இந்த மூஞ்ச வெச்சிகினு வந்தா எந்த மேடம் ஏறும்? பளிச்சுன்னு ஆக்கிகினு திங்கக்கெழம வா'ன்னுட்டாரு."

"திங்கக்கிழமைன்னா நாளான்னிக்கி" அப்படின்னான் அபின்.

"அதாங்காட்டிதான் வந்தேன். திங்கக்கெழம ஆவலன்னு வெய்யி, செவ்வாக்கெழம எங்க மாமனாரு வண்டில பொட்டி ஏத்திருவாரு. சொல்லிட்டாரு."

பொட்டின்னா மீன் பெட்டி. ஐஸ் போட்டு, டிக்கியிலும் பின் சீட்டிலும் அடுக்கறது. அவ கொழுந்தன் அதுக்குத் தயாரா நிக்கிறானாம்.

"ஏத்திட்டா என்ன? அப்புறம் எறக்கிரலாமே" அப்படின்னேன் நான், கல்லாவிலிருந்து.

பவானி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்கே தெரிஞ்சது. "யக்கா, நான் லோடு ஆட்டோ ஓட்டினவ. ஒரு தபா மீன் தண்ணி சீட்டுல எறங்கிச்சின்னா அவ்ளோதான். நீ எலுமிச்சம்பயம் தொங்கவுட்டாலும் சரி, சாம்பராணி போட்டாலும் சரி. அந்த வண்டில அப்பால எந்தப் பொண்ணும் ஏறாது. நானும் ஆயுசுக்கும் மீன் வண்டிதான் ஓட்டிகினு இருப்பேன்."

இதான் கதை. இதுக்கு மேல ஒரு டப்பாவைத் தேர்ந்தெடுக்கணும், அவ்வளவுதான்.

3

அபின் மேசையில் ரெண்டு பக்கமா வெச்சான். ஒரு பக்கம் மூணு டப்பா. இன்னொரு பக்கம் ஒண்ணு.

"மூணா வாங்குனா பளபளப்பு ரொம்ப நாள் நிக்கும். ஆனா மொத டப்பா முரட்டு ஆளு. பழகாத கை கொஞ்சம் அழுத்துச்சுன்னா பெயிண்டையே தின்னுரும். மிஷின் வேணும், ஒரு முழு நாள் வேணும். இது ஒண்ணுல மூணு. சாதுவான ஆளு. ஆழமான கீறல் போகாது. மங்கல் போகும், பொடிக் கீறல் போகும், மெழுகும் ஏறும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா திரும்பத் தேய்க்கணும்."

"மூணு வேல தெரிஞ்சவன் எந்த வேலயும் உருப்படியா செய்ய மாட்டானே?"

"நீயும்தான் மீன் வித்திருக்க, ஆட்டோ ஓட்டியிருக்க, இப்ப கார் ஓட்டுத."

பவானி சிரிச்சிட்டா. ஒத்தை டப்பாவை எடுத்தா. நான் எழுதி ஒட்டியிருந்த தாளை நின்னு, விரலை வெச்சு, வரி வரியா வாசிச்சா. நான் கல்லாவில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.*

"இன்னா எழுதிகினே கீற?"ன்னு என்னைக் கேட்டா, போறப்போ.

"உன்னைப் பத்தித்தான்."

"அய்ய. எழுது, எழுது. ஆனா பேர மாத்தாத. அப்பால நான்தான்னு எவனுக்குத் தெரியும்?"

* இந்த மாதிரி இடத்தில் எழுதறவங்க வழக்கமா எழுத்தையும் மெருகையும் ஒப்பிட்டு நாலு வரி போடுவாங்க. தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும், ஆனா ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் பெயிண்ட் போகும், வாக்கியமும் அப்படித்தான், இத்யாதி. உங்களுக்கே தோணியிருக்கும். நான் சொல்லப் போறதில்லை.

4

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிஞ்சு நானும் அபினும் சர்ச்சை விட்டு வெளியே வர்றோம். வாசலுக்கு எதிரே அந்த மெரூன் வண்டி. அதில் சாய்ஞ்சுக்கிட்டு பவானி. பாஸ்டர் அவளைப் பார்த்துப் புது ஆத்துமான்னு சிரிக்கிறார், அவளும் பதிலுக்குச் சிரிக்கிறா.

"கட மூடிகீது. கோயிலு வுடட்டும்னு நின்னுகினு கீறேன். அண்ணாத்த, இங்க வா. இத்தப் பாரு."

பானெட்டில் ஒரு தாம்பாளத் தட்டு அகலத்துக்கு வட்டம் வட்டமா, பொடிப்பொடியா கீறல். வெயில் பட்டதும் பாத்திரம் தேய்க்கிற கம்பியால் தேய்ச்ச மாதிரி மின்னினது. அபின் பைபிளை என் கையில் திணிச்சிட்டுக் குனிஞ்சான்.

"கழுவினியா?"

"தாள்ல போட்டுகீற மாதிரியே கழுவினேன். நாலு பக்கெட்டு."

"நாலு பக்கெட்டா? தண்ணி எங்க பிடிச்ச?"

"எங்க புடிக்கிறது? கடல்லதான்."

"கடல் தண்ணியிலயா?"ன்னான் அபின்.

"பின்ன நல்ல தண்ணிலயா கழுவுவாங்க?" பவானிக்கு நிஜமாவே புரியலை. "லாரி வந்து தொட்டில வுடுற தண்ணி, அண்ணாத்த. குடிக்க, சோறாக்க, ஆளுக்கு ஒரு பக்கெட்டு குளிக்க. எங்க போட்டையே கடல் தண்ணிலதான் கழுவுவோம். பொறந்ததுலேர்ந்து அப்டித்தான்."

இதில் பாருங்க, நான் எழுதினது 'தண்ணீர்'. எங்க வீட்டில் தண்ணின்னா குழாயைத் திருகினா வர்றது. அவங்க வீட்டில் வண்டிக்குத் தண்ணின்னா கடல். சொன்னபடி செஞ்சிருக்கா. உப்பும், அனல்மின் நிலையத்திலிருந்து பறந்து வந்து, துடைக்காம ஓரத்தில் நின்ன சாம்பலும் சேர்ந்து துணிக்கு அடியில் சிக்கி, சாதுவான டப்பாவைக் கத்தியாக்கிடுச்சு. (திங்கக்கிழமை காலையில் முதல் வேலையா அந்தத் தாளில் 'நல்ல' சேர்த்தேன்.)

"மேலாப்ல இருக்க கீறல்தான். சரி பண்ணிரலாம்" அப்படின்னான் அபின். "இதே டப்பாவே எடுக்கும். நல்ல தண்ணியில ஷாம்பு போட்டுக் கழுவி, உலந்ததும், நிழல்ல வெச்சு, உள்ளங்கை அளவு உள்ளங்கை அளவா தேய்க்கணும். அமுக்கப்பிடாது. கடைக்குக் கொண்டு வா, குழாயில நானே கழுவித் தாரேன்."

அவன் வண்டியைப் பார்த்துக்கிட்டிருந்த நேரத்தில், நான் என்ன பண்ணினேன்னா, பையிலிருந்து என் தாளை எடுத்து பவானிக்கு வாசிச்சுக் காட்டினேன். எழுதறவங்களுக்கு நேரங்காலம் தெரியாது. சனிக்கிழமை அவ கடையில் பேசினதை நான் இப்படி எழுதியிருந்தேன்:

"ஆயுசுக்கும் மீன் வண்டிதான்" என்றபோது அவள் குரல் உடைந்தது. கண்ணீர்த் துளி ஒன்று டப்பாவின் மூடியில் —

"நிறுத்து, நிறுத்து. யாரு அழுதா?"

"கதைக்காக..."

"இன்னாத்துக்கு என்ன அழவுடுற? நான் கோவத்துலகீறேன் யக்கா. கோவம் வேற, அழுகாச்சி வேற. அந்த மேஸ்திரி மூஞ்சில குத்தணும்போல கீது. அத எழுது."

அடிச்சிட்டேன். நீங்க இப்போ படிச்சது அடிச்ச வரி. வெட்கமில்லாம விட்டு வெச்சிருக்கேன், அவ கோவம் எப்படி வந்ததுன்னு உங்களுக்குத் தெரியணுமே.

அபின் திரும்பவும் சொன்னான்: "கடைக்கு வா. பத்து நிமிஷம்."

பவானி கீறலை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தா. அப்புறம் சொன்னா: "வாணாம். இன்னிக்கு நீ கழுவிடுவ. ராவெல்லாம் சாம்பல் வுழும். நாளைக்குக் காலீல நீ வருவியா? நாளன்னிக்கு? அந்த வேல கெடச்சா தெனம் கழுவணும், அண்ணாத்த. தெனம் நல்ல தண்ணி வோணும். அத என் வூடு குடுக்கணும். குடுக்கலன்னா டப்பா ஒண்ணா இருந்தா இன்னா, மூணா இருந்தா இன்னா?"

அபினைக் கடையைத் திறக்கச் சொல்லி, துணியும் ஷாம்பும் மட்டும் வாங்கிக்கிட்டுப் போயிட்டா. நான் பைபிளையும் கதையையும் கையில் வெச்சுக்கிட்டு நின்னேன். அவ டப்பாவைத் தேர்ந்தெடுக்க வந்தவன்னு நான் நினைச்சிட்டிருந்தேன். அது பாதிக் கதைதான்.

5

ஞாயித்துக்கிழமை மத்தியானம், பிரியாணி தின்ன மந்தத்தில் நான் எழுதின முடிவுகள்:

(அ) குப்பத்தில் ஒரு வழக்கம். புதுப் படகு கடலில் இறங்குற அன்னிக்கு வீட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணி கொண்டு வந்து முன்பக்க அணியத்தில் ஊத்துவாங்க. பவானியோட காரும் படகுதான்னு பெண்கள் முடிவு பண்றாங்க. விடியக்காலையில் குடம் குடமா வரிசை...

இந்த வழக்கம் நானே கட்டினது. முகத்துவாரக்குப்பத்தில் இப்படி ஒண்ணு இருக்குன்னு எங்கேயும் போய்ச் சொல்லி வைக்காதீங்க. போனில் பவானிக்குச் சொன்னேன். "எங்க தெருலயா? குடமா?"ன்னு அரை நிமிஷம் சிரிச்சா. "லாரி வந்தா ஒரு குடத்துக்கு ரெண்டு பேரு முடியப் புடிச்சிகினு கீறாளுங்க. நீ வேற."

(ஆ) அபின் கொடுத்த முடிவு: ராத்திரி மழை பெய்யுது. எந்தச் செலவும் இல்லாம —

மழை பெய்யட்டும். சாம்பலையும் சேர்த்துத்தானே கீழே கொண்டு வரும்? அபினுக்கு வியாபாரம் தெரியும், கதை தெரியாது. (இதைப் படிச்சிட்டு அவன் எழுதினது, பென்சிலில், ஓரத்தில்: 'உனக்கு ரெண்டும் தெரியாது.')

(இ) மாமனார் பொன்னுரங்கம் மனசு மாறுகிறார். ஏன்? மருமகள் பேசின பேச்சில் உருகி —

இதுதான் எனக்குப் பெரிய தலைவலி. பொன்னுரங்கத்தை நான் பார்த்ததே இல்லை. கறுத்த உடம்பு, வெள்ளை மீசை, மொறைப்புன்னு எழுதி வெச்சிருந்தேன். அந்த வயசில் கடலில் போய் வந்த யாருக்கும் அது பொருந்தும். அவர் வில்லன் இல்லை. ஒரு மனுஷன் வாழ்நாள் பூரா தண்ணிக்குக் காத்து நின்னிருக்கார். வீட்டில் குடத்து மேல தட்டு போட்டு மூடி வெச்சுக் குடிக்கிறவங்க. அதில் ஒரு வாளியைத் தூக்கி இரும்பு மேல ஊத்துன்னா ஊத்துவாரா? நானா இருந்தா ஊத்த மாட்டேன். பேச்சுக்கெல்லாம் உருக மாட்டார். எதுக்கு மசிவார்னு எனக்குத் தெரியலை. தெரியாத ஆளை மசிய வைக்க எனக்கு மனசு வரலை.

பேனாவை மூடிட்டுத் தூங்கிட்டேன்.

6

திங்கக்கிழமை காலையில் பவானி வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தா. அப்படியே எழுதறேன். என் கை இதில் படலை.

"யக்கா, கேக்குதா? காத்தடிக்குது. கேளு. நேத்து சாயங்காலம் இன்னா பண்ணேன்னா, என் பங்கு குளிக்கிற பக்கெட்டு கீதில்ல, அத வண்டிக்கு ஊத்திட்டேன். நான் உப்புக் கரிக்கிற போர் தண்ணில ஊத்திகினேன். தலமுடி தென்ன நாரா பூட்ச்சி, அத வுடு. ஒரு பக்கெட்டுல இன்னா வரும்? பானெட்டும், டிரைவர் சைடு ரெண்டு கதவும்தான் வந்துச்சி. காஞ்ச அப்பால அண்ணாத்த சொன்ன மாதிரி உள்ளங்கை உள்ளங்கையா தேச்சேன். கண்ணாடி யக்கா! கீறலு முக்காவாசி போயே பூட்ச்சி. அந்தப் பக்கம் அப்டியே கலீஜாதான் கீது. இந்தப் பக்கம் ஸோக்கா கீது. மாமா பாத்தாரு. 'குளிக்கிற தண்ணிய இரும்புக்கு ஊத்துறா பாரு'ன்னு எங்க அத்தயாண்ட சொல்லிட்டுப் பூட்டாரு. சரி, அவ்ளோதான்னு நானும் பட்த்துட்டேன்.

"இப்ப எந்திரிச்சி வெளிய வரேன்... யக்கா, இரு, சிரிப்பு வருது... மாமா கதவாண்ட ஸ்டூலு போட்டு குந்திகினு கீறாரு. மூஞ்சி பூரா சோப்பு நொர. எங்க வூட்டுக் கதவு இல்ல, கார் கதவு! கார் கதவப் பாத்துகினு சவரம் பண்ணிகினு கீறாரு! வூட்டுக் கண்ணாடி ஒடஞ்சதுலேர்ந்து சலூனுக்குப் போயி அந்தாளாண்ட சண்ட போட்டுகினு வருவாரு. அவரா என்னப் பாத்துட்டு, 'இன்னாம்மே, இங்க மீச தெரியுது, பின்னாடி கதவுல கிருதா தெரியுது, அந்தாண்ட பக்கம் போனா ஒண்ணுந்தெரியல?'ன்றாரு. 'பாதிதான் தேச்சுகீது மாமா, தண்ணி பத்தல'ன்னேன். பாதி சவரத்தோட கொஞ்ச நேரம் குந்தினு இருந்தாரு. அப்பால எங்க அத்தயக் கூப்ட்டு, 'அங்கம்மா, ரெண்டு பக்கெட்டு எட்த்து வெளிய வெய்யி. தொட்டிலேர்ந்து. உப்பு இல்ல, நல்லது'ன்னு..."

இங்கே பின்னாலிருந்து ஒரு ஆம்பளைக் குரல், கட்டையா: "ஏய் பவானி! போன வெச்சிட்டு வந்து தேய்ம்மே! வெயிலு ஏறிகினு கீது!"

"வரேன் மாமா! யக்கா, பத்து மணிக்கு மேஸ்திரியப் பாக்கணும். வெச்சிடவா?"

இந்தக் குரலைக் கடையில் மூணு தடவை போட்டுக் கேட்டோம். அபின் மூணாவது தடவையும் சிரிச்சான். நான் மட்டும் அழுதேன். (பவானிக்குத் தெரிய வேண்டாம். அவளை அழ வைக்கப் பார்த்துக் கடைசியில் நான் அழுததுக்குத் திட்டுவா.) என் தாளில் பொன்னுரங்கம் பேச்சுக்கு உருகுறதா வேண்டாமான்னு ராவெல்லாம் தவிச்சிட்டிருந்தார். அங்கே அந்த மனுஷன் தன் மீசையைப் பார்த்துட்டார், முடிஞ்சது.

7

இனிமே எனக்குத் தெரியாது.

திங்கக்கிழமை பத்து மணி ஆச்சு, பதினொண்ணு ஆச்சு. போன் இல்லை. அடிச்சேன், எடுக்கலை. சாயங்காலம் அடிச்சேன், சுவிட்ச் ஆஃப். செவ்வாக்கிழமையும் இல்லை. செவ்வாக்கிழமைன்னா பெட்டி ஏத்துற நாள்.

எழுதறவளுக்கு இது வசதின்னு நினைப்பீங்க. ஆள் காணோம், எப்படி வேணா முடிக்கலாம். முயற்சி பண்ணினேன்:

மேஸ்திரி வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து தன் முகத்தைப் பார்த்தார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டார் —

அழகா இருக்கு. ஆனா பொன்னுரங்கம் ஏற்கனவே செஞ்சதை மேஸ்திரிக்கும் செய்ய வைக்கிறேன். ஒரே பூவை ரெண்டு கல்யாணத்துக்கு வைக்கிற வேலை. அடிச்சேன்.

மேஸ்திரி வெளியே வரவே இல்லை. வாட்ச்மேன்தான் சொன்னார்: "வேற வண்டி எடுத்தாச்சும்மா" —

நடக்கக்கூடியதுதான். மேஸ்திரிகளுக்குச் சொந்தக்காரங்க இருப்பாங்க, சொந்தக்காரங்களுக்கு வண்டி இருக்கும். பளபளப்பு எவ்வளவுதான் செய்யும்? இதையும் அடிச்சேன். இது உண்மையா இருக்கக் கூடாதுன்னுதான் அடிச்சேன். கலை, கண்ராவின்னு காரணம் சொல்ல மாட்டேன்.

அபின் என்னையே பார்த்துக்கிட்டிருந்தான். "அவளுக்குக் கெடச்சிருந்தா நேரா இங்க வந்திருப்பா"ன்னான்.

"கெடைக்கலன்னாலும் வந்திருப்பா. டப்பா சரியில்லன்னு சண்டை போட" அப்படின்னேன் நான்.

ரெண்டு பேரும் ரோட்டைப் பார்த்தோம். கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் கன்டெய்னர் லாரி. அதுக்கு நடுவில் எந்த மெரூன் வண்டி தெரிஞ்சாலும் நான் எழுந்து நின்னேன். மெரூன் வண்டி ஊரில் இத்தனை ஓடுதுன்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

8

புதன்கிழமை. இன்னிக்கு. இந்தப் பகுதியை எழுத ஆரம்பிச்சு 'இனிமே' வரைக்கும் வந்திருந்தேன், வெளியே ஹாரன்.

வந்து நின்னதை முதலில் எனக்கு அடையாளமே தெரியலை. சுத்தி மெரூன். டிரைவர் பக்கம், அந்தாண்ட பக்கம், கூரை, எல்லாம். டீக்கடை போர்டு அதில் தலைகீழா தெரியுது. பவானி இறங்கி, கதவைச் சாத்தி, சாத்தின கதவை முந்தானையால் ஒரு துடைப்பு துடைச்சா.

"அண்ணாத்த, அந்த டப்பா இன்னொண்ணு குடு."

"அதுக்குள்ளயா?" அபின் பதறிட்டான். "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கான்னுல்லா சொன்னேன்? தெனம் தேச்சா பெயிண்ட் என்னத்துக்காகும்?"

"நான் இல்ல, அண்ணாத்த. மாமா. தெனம் காலீல கதவத் தேச்சிட்டுத்தான் மூஞ்சிக்கு சோப்பே போடுறாரு. 'வாணாம் மாமா, சொம்மா ஈரத்துணில தொடச்சாப் போதும்'னா கேக்கமாட்றாரு. நீயே வந்து சொல்லு."

எனக்குப் பொறுக்கலை. "பவானி, திங்கக்கிழமை என்ன ஆச்சு? போனை ஏன் எடுக்கலை?"

"போனு பக்கெட்டுல வுழுந்துட்ச்சி. நல்ல தண்ணிலதான்." சிரிக்காம சொன்னா. அப்புறம் என் கையில் இருந்த தாளைப் பார்த்தா. "முடிச்சிட்டியா?"

"எங்கே முடிக்கிறது? நீ சொன்னாத்தானே."

"இன்னும் முடிக்கலயா!" அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். சாவியைக் கல்லா மேல வெச்சா. "பின்ன இன்னா குந்திகினு கீற? டிக்கியத் தொறந்து பாரு. பொட்டி கீதா, இல்லயான்னு நீயே பாத்து எழுது."

அவ முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடிச்சிட்டிருக்கா. சிரிப்பை அடக்குறதுக்கும் அப்படித்தான் கடிப்பாங்க, மத்ததுக்கும் அப்படித்தான். அபினைப் பார்த்தேன், அவன் டப்பாவைத் தேடுற சாக்கில் ராக்குக்குள்ள தலையை விட்டுக்கிட்டான்.

சாவியை எடுத்துக்கிட்டு இறங்கி வண்டிக்குப் பின்னால் நிக்கிறேன். டிக்கி மூடியில் என் முகம் முழுசா தெரியுது, நரைச்ச வகிடு உள்பட. மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். மெழுகு வாசனை. அதுக்குப் பின்னால் லேசா மீன். ஆனா இந்த ரோட்டில் கடல் காத்து அடிச்சா மீன் வாசனை எப்பவும் கொஞ்சம் இருக்கும், அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னொரு டப்பா வாங்கறாளே, அது ராத்திரி ஷிப்டுக்குப் போற வண்டிக்கா, பொன்னுரங்கத்தோட மீசைக்கா? ரெண்டுக்கும் சேர்த்தா? அதையும் சொல்ல முடியாது. சொல்ல முடிஞ்சது ஒண்ணுதான்: இதோட நாலு பக்கமும் நல்ல தண்ணி ஊத்தியிருக்காங்க. அவ வீடு ஊத்தியிருக்கு.

எனக்கு இந்த டிக்கி காலியா இருக்கணும். சுத்தமா, காய்ஞ்சு, ஒரு ஸ்டெப்னியும் ஒரு குடையும் மட்டும். இதைவிட நான் எதையும் இந்த வாரத்தில் ஆசைப்படலை. அதனாலேயே திறக்க எனக்குக் கை வரலை. ஆசைப்படுறவ திறந்தா, உள்ளே என்ன இருந்தாலும் காலின்னுதான் எழுதுவா.

நீங்க திறங்க. சாவி இந்தாங்க, வலப்பக்கம் திருப்பணும், கொஞ்சம் இறுக்கமா இருக்கும். மூடியில் கைரேகை விழுமேன்னு தயங்காதீங்க. இப்பத்தான் இன்னொரு டப்பா வாங்கியிருக்கா.